பழைய ஈஎக்ஸ்5 நின்ற இடத்தில் உதறுகிறது: கார்புரேட்டரா, ஓவர்ஹாலா?

தம்பி, "கார்புரேட்டரை மாற்றவா, எஞ்சினை ஓவர்ஹால் செய்யவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம். ஓவர்ஹால் என்பது எஞ்சினை முழுதாகப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவது. உங்கள் விவரங்களை இரண்டு முறை படித்தேன். 2008இல் பதிவான ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள். தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. காலையில் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டால் இரண்டாவது உதையில் எழுந்துவிடுகிறது. பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு சாலை விளக்கில் நின்றால் உதறுகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. பெரிய சாலையில் 60, 70இல் போகும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் மப்ளரில் (புகைக்குழாயில்) "பட் பட்" என்று வெடிக்கிறது. இரவு மழையில் நனைந்தால் மறுநாள் காலை இன்னும் முரண்டு. பிளக்கை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஒரு பட்டறையில் கார்புரேட்டர் என்றார்கள், இன்னொரு பட்டறையில் ஓவர்ஹால் என்றார்கள். இப்படிப் பார்த்தால் உங்கள் கேள்வி எந்தப் பாகம் என்பதல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்த அடுத்த நூறு வெள்ளியை எதில் போடுவது, போடுவதற்கு முன் செலவில்லாமல் எதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான். நான் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறையில் எண்ணெய்த் தட்டு கழுவும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவன். இப்போது சொந்தப் பட்டறை. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருபவை: மண்டோரின் (மேற்பார்வையாளரின்) வண்டி, செம்பனைக் குலை வெட்டுபவரின் வண்டி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாயாரின் வண்டி. அதனால் உங்கள் வண்டி எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனால் அதன் சத்தத்தை நான் கேட்கவில்லை, கை வைத்துப் பார்க்கவில்லை. எழுத்தை வைத்து ஒரு வண்டிக்கு நோய் சொல்வது, தொலைபேசியில் நாடி பார்ப்பது மாதிரி. எனவே எது உறுதி, எது என் சந்தேகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில், உதறுவது எஞ்சின்தானா? இதைச் சோதிக்காமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் நிறையப் பேர். வண்டியைச் சூடாக்கி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டுக் கவனியுங்கள். நியூட்ரலிலும் உதறினால் எஞ்சின்தான். நியூட்ரலில் சீராக ஓடி, கியர் போட்டு நிற்கும்போது மட்டும் திணறி அணைந்தால் சந்தேகம் கிளட்சுக்குப் போகிறது. ஈஎக்ஸ்5இல் கைக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏற, சுழற்சியின் விசையால் தானாகவே பிடிக்கும் கிளட்ச் அது. அது முழுமையாக விடுபடாமல் ஒட்டிக்கொண்டு இழுத்தால், பிரேக் பிடித்து நிற்கும் சக்கரம் எஞ்சினை அமுக்கி அணைத்துவிடும். அதேபோல், தோட்டச் சாலையில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது வரும் குலுக்கலுக்குத் தளர்ந்து காய்ந்துபோன சங்கிலி காரணமாக இருக்கலாம். சங்கிலியின் கீழ்ப்பக்க நடுவில் விரலால் தூக்கினால் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருப்பது இயல்பு. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் விறைத்து இன்னோரிடத்தில் தொங்கினால் சங்கிலியின் காலம் முடிந்தது.

நியூட்ரலிலும் உதறுகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். மப்ளரில் வெடிப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதிலேயே மிகவும் பயனுள்ள வரி, "பெரிய சாலையில் குறை இல்லை" என்பது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டர் ஒரே வழியில் பெட்ரோல் கொடுப்பதில்லை. ஆக்சிலேட்டரைத் தொடாதபோதும், கால் பங்கு திருகும் வரையிலும் பெரும்பாலும் பைலட் ஜெட் என்ற சிறு துளைதான் எஞ்சினுக்குச் சோறு போடுகிறது. அதற்கு மேல் முக்கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியின் ஆட்சி. முழுதாகத் திருகினால் மெயின் ஜெட் என்ற பெரிய துளை. உங்கள் வண்டி நடுவிலும் மேலேயும் நன்றாக ஓடுகிறது, அடியில் மட்டும் தடுமாறுகிறது. ஆகவே மெயின் ஜெட், ஊசி, பெட்ரோல் வரத்து ஆகிய மூன்றும் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. மிச்சமிருப்பவை: பைலட் ஜெட் அடைப்பு, கார்புரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் எங்கேயாவது காற்றுக் கசிவு, சரியாக மூடாத வால்வு (கலவை வரவும் புகை போகவும் திறந்து மூடும் கதவு). இம்மூன்றும் நின்ற ஓட்டத்தில்தான் முதலில் பல்லைக் காட்டும்.

வால்வு கசிந்தால் வேகத்தில் மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வண்டிக்கு நின்ற ஓட்டம் நிமிடத்துக்கு 1400 சுற்று, முன்பின் நூறு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு 700 வெடிப்பு, நொடிக்குப் பன்னிரண்டுகூட இல்லை. அந்த மெதுவான ஓட்டத்தில், அமுக்கப்பட்ட கலவைக்கு வால்வின் இடுக்கு வழியே நழுவ நேரம் கிடைக்கிறது. 6000 சுற்றில் ஓடும்போது அதற்கு அந்த அவகாசம் இல்லை, நழுவும் முன்பே வெடித்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் கசியும் வால்வோடு ஒரு வண்டி சாலையில் பறக்கும், சாலை விளக்கில் செத்துப்போகும்.

இந்த மூன்றில் எது என்பதைப் பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை. வண்டி நன்றாகச் சூடாகி உதறிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் மட்டும் இழுங்கள், பாதிக்கும் குறைவாக. எஞ்சின் உடனே நிமிர்ந்து சீராக ஓடினால், கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். பைலட் ஜெட்டோ காற்றுக் கசிவோ என்று தேடலாம். சோக்கை இழுத்ததும் இன்னும் மூச்சுத் திணறி அணைந்தால் பெட்ரோல் குறைவு அல்ல. வால்வையும் மின்பொறியையும் பார்க்க வேண்டும். இது நூற்றுக்கு நூறு சரியான தராசு என்று சொல்ல மாட்டேன். இரண்டு நோயும் சேர்ந்திருக்கும் கிழட்டு வண்டிகள் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் முதலில் நடக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் வெடிப்பதை வைத்து என் சாய்வு காற்றுப் பக்கம். சூடானதும் மோசமாவதை வைத்து வால்வுப் பக்கம். இரண்டில் ஒன்றை இங்கிருந்து அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

இன்னொன்று. பழைய வண்டியை விற்பவர்கள் பலரும் செய்யும் கைவேலை, ஐட்லிங் திருகை (நின்ற ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருகி ஓட்டத்தை ஏற்றி வைப்பது. வாங்க வருபவர் முன்னால் வண்டி அணையாமல் நிற்க வேண்டுமே. உங்களுக்கு விற்றவர் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. அவருக்கே பல வருடத்துக்கு முன் யாரோ அப்படித் திருகிக் கொடுத்திருக்கலாம். எஞ்சின் சூடான நிலையில் முதல் கியர் போட்டதும் "தடக்" என்று பலமாக அடித்து, ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி ஊர்ந்தால், ஓட்டம் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நோய் அதன் அடியில் ஒளிந்திருக்கிறது. நீங்களும் அதையே இன்னும் கொஞ்சம் திருகித் தற்காலிகமாகத் தப்பிக்க வேண்டாம்.

பெட்ரோல் வரத்து பெரும்பாலும் குற்றவாளி அல்ல என்றேன். இருந்தாலும் அதைப் பார்த்துவிடச் சொல்வேன், ஏனென்றால் ஒரு முறை நான் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. சொந்தக் கடை திறந்த புதிதில் பால்மரத் தோட்டத்து முதியவர் ஒருவர் வந்தார். வண்டி கால் மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். நான் பிளக்கை மாற்றினேன், நிற்கிறது. மின்பொறிக்கான காயிலை மாற்றினேன், நிற்கிறது. கார்புரேட்டரைக் கழுவினேன், அப்போதும் நிற்கிறது. நாலாவது முறை அவர் வந்தபோது, கடைவாசலிலேயே பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொட்டி மூடியைத் திறந்தார். "உஸ்" என்று காற்று உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது. மூடியில் காற்று போகும் சிறு துளை மண்ணால் அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, வரத்து நின்றுபோயிருக்கிறது. ஊசியால் குத்தித் துளையைத் திறந்தேன், அவ்வளவுதான். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் வண்டியும் ஒரு முறை அணைந்ததும் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். இந்த நோயானால் பெரிய சாலையிலும் இழுவை குறையும் என்பதால் உங்களுக்கு இது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

கூடவே கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாக இருக்கட்டும். எஞ்சினும் ஆறியிருக்க வேண்டும். பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது. இருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு கிடக்கும், பாட்டிலைச் சாய்த்தால் கரையாமல் ஓடும். செம்மண் நிறத்தில் பொடி படிந்திருந்தால் அது தொட்டியின் துரு. மழைக்குப் பிறகு உங்கள் வண்டி மோசமாவதற்குத் தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கையின் கீழே தொட்டி மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், திறந்த வெளியில் நிறுத்திய வண்டிக்குள் மழை இறங்கும். துரு கண்டால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும். தொட்டியை முதலில் கவனியுங்கள்.

இப்போது வால்வு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் மிகவும் புறக்கணிக்கப்படும் வேலை இதுதான். எண்ணெய் மாற்றுகிறார்கள், பிளக் மாற்றுகிறார்கள், கண்ணாடிக்குக் குஞ்சம்கூடக் கட்டுகிறார்கள். வால்வு இடைவெளியை, அதாவது வால்வின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடுக்கை, பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டால் பதில் வராது. ஈஎக்ஸ்5க்கு இன்டேக் (கலவை உள்ளே வரும் வால்வு), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) இரண்டுக்கும் எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணத் தாளின் கனம் ஏறக்குறைய 0.1. அதில் பாதி. அந்த அளவுத் தகடு, இடைவெளி அளக்கும் தகடுகளான பீலர் கேஜ் கட்டிலேயே மிக மெல்லியவற்றில் ஒன்று. விரலில் பிடித்தால் வெங்காயத் தோல் போல் வளையும். ஆண்டுக்கணக்கில் அடிபட்டு அடிபட்டு வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்கிறது. அதற்கேற்ப அந்த 0.05 சுருங்கிக்கொண்டே போய் ஒரு நாள் பூச்சியமாகிறது. அப்புறம் ராக்கர் கை வால்வை எப்போதும் கொஞ்சம் அழுத்தியபடியே நிற்கும், வால்வு முழுதாக மூடாது. எங்கள் தவுக்கே சொல்வார்: டிக் டிக் என்று சத்தம் போடும் வால்வைப் பற்றிக் கவலைப்படாதே, சத்தமே போடாத வால்வைப் பார். இடைவெளி அதிகமானால் தட்டும் சத்தம் வரும், ஆள் வண்டியைக் கொண்டுவருவான். இடைவெளி போய்விட்டால் எஞ்சின் அமைதியாகிவிடும். உரிமையாளரும் வண்டி நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பார். உள்ளே எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துகொண்டிருக்கும்.

பார்க்கும் முறை கடினமல்ல. எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். காலை வேளைதான் சரி. பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுற்றுவது இலகுவாகும். இடப்பக்க மூடியில் இரண்டு வட்டத் திருகு மூடிகள் இருக்கும். நடுவில் பெரியது, மேலே சிறியது. இரண்டையும் கழற்றுங்கள். எஞ்சின் தலையில் 17 ஸ்பேனர் பிடிக்கும் இரண்டு தொப்பிகள், மேலே ஒன்று இன்டேக்குக்கு, கீழே ஒன்று எக்ஸாஸ்டுக்கு. கீழ்த் தொப்பியைத் திறந்ததும் எண்ணெய் சொட்டும். பயப்பட வேண்டாம், ஒரு பழைய தட்டை வைத்துக்கொள்ளுங்கள். நடு மூடியின் உள்ளே தெரியும் நட்டை ஸ்பேனரால் பிடித்து, இடமிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாக மெதுவாகச் சுற்றுங்கள். மேல் துளையில் "டி" (T) என்ற எழுத்துக்கு அருகிலுள்ள கோடு வந்து குறிக்கு நேராக நிற்க வேண்டும். இப்போது இரண்டு ராக்கர் கைகளையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் மிகச் சிறு ஆட்டம் இருந்தால் சரியான இடம். இரண்டும் இறுகியிருந்தால் நீங்கள் தவறான சுற்றில் நிற்கலாம். இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதே கோட்டை மறுபடி நேராக்குங்கள். இரண்டு இடத்திலும் ஒரு கையில் மட்டும் ஆட்டமே இல்லையென்றால், தேடியதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

0.05 தகட்டை வால்வின் நுனிக்கும் திருகின் முனைக்கும் நடுவில் விடுங்கள். கனமான புத்தகத்தின் இரு பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போல் லேசான பிடியோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதிகம், நுழையவே மறுத்தால் குறைவு. 9 ஸ்பேனரால் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைச் சரிசெய்து, மறுபடி பூட்டுங்கள். பூட்டும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பூட்டிய பிறகு தகட்டை இன்னொரு முறை விட்டுப் பார்க்காமல் தொப்பியை மூடாதீர்கள். நான் ஒரே வால்வை மூன்று முறை பூட்டித் திறந்த நாட்கள் உண்டு. கைப்பழக்கம் இல்லையென்றால் முதல் முறை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், அல்லது பட்டறையில் கொடுத்து, "வால்வு இடைவெளி மட்டும் பாருங்கள்" என்று சொல்லிக் கூடவே நில்லுங்கள். இதற்குக் கூலி பெரிதாக இருக்காது. சரிசெய்த சில நூறு கிலோமீட்டரிலேயே எக்ஸாஸ்ட் இடைவெளி மறுபடி காணாமல் போனால் இருக்கையோ வால்வோ கெட்டிருக்கிறது, தலையைக் கழற்றத்தான் வேண்டும். அப்போதுகூட அது தலை வேலைதான். முழு ஓவர்ஹால் அல்ல.

காற்றுக் கசிவுக்கு வருவோம். கார்புரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவில் வளைந்த ஒரு உலோகக் குழாய், வெப்பம் கடத்தாத ஒரு தடுப்புத் துண்டு, அவற்றை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இருக்கும். பதினைந்து வருட வெப்பத்தில் அந்த வளையங்கள் பிளாஸ்டிக் போல் விறைத்துவிடும். யாராவது நட்டுகளை ஒருபக்கமாக இறுக்கியிருந்தால் முகமே வளைந்திருக்கும். சலவைத்தூள் கலந்த தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்புகளின் மேல் மட்டும் கொஞ்சமாகத் தெளியுங்கள். எஞ்சினின் குரல் மாறினாலோ தடுமாறினாலோ நுரை உள்ளே இழுக்கப்பட்டாலோ அங்கேதான் ஓட்டை. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான மப்ளருக்கு அரை அடி தூரத்தில் அந்த வீரம் வேண்டாம். மப்ளர் எஞ்சினோடு சேரும் இடத்தில் வளையம் தேய்ந்து புகை கசிந்தாலும் ஆக்சிலேட்டரை விடும்போது வெடிக்கும். அதனால் அந்த இடத்தில் கருப்புப் புகைத்தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது மட்டும்தான் என்றால் வெடிச் சத்தத்துக்கு விளக்கம் கிடைத்தது, உதறலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வால்வும் சரி, கசிவும் இல்லை, சோக் இழுத்தால் நிமிர்கிறது என்றால் மட்டும் கார்புரேட்டரைக் கழற்றுங்கள். அதுவும் மாற்றுவதற்கு அல்ல, கழுவுவதற்கு. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சமாகும் பிசின் அதை மூடுகிறது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு அந்த ஜெட் குப்பைக்குத்தான். அவசரமென்றால் மின்வயரின் உள்ளே உள்ள ஒற்றைச் செப்பிழையைப் பயன்படுத்துங்கள். கலவைத் திருகைக் கழற்றும் முன், அதை உள்ளே முழுதாக மெல்லத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடியில் பட்டதும் நிறுத்துங்கள், இறுக்கினால் முனை நசுங்கும். முன்பு இருந்த அதே சுற்றில் திரும்ப வைத்துவிட்டு, பிறகு கால் சுற்று, கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். வண்டியோடு வந்த கார்புரேட்டர் உடையாமலும் தேயாமலும் இருந்தால், அதைக் கழுவி வைத்துக்கொள்வது, பெயர் தெரியாத மலிவான புதியதை மாட்டுவதை விட மேல் என்பது என் அபிப்பிராயம். எல்லா மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கழுவ ஒரு மணி நேரமாகும், மாற்றப் பத்து நிமிடம். கடைக்காரர் பக்கத்து நியாயமும் புரிகிறது.

காற்று வடிகட்டியைச் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். செம்பனை லோரி கிளப்பும் புழுதியில் ஓடும் வண்டிக்கு அதைப் பார்க்காமல் விட முடியாது. ஆனால் அடைத்த வடிகட்டி வழக்கமாக வேகத்தில்தான் மூச்சை அடைக்கும், உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. திறந்து பார்த்துவிடுங்கள். ஒரு முறை வடிகட்டிப் பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். வண்டியின் சொந்தக்காரர் ஒரு மாதம் ஊரில் இல்லை, குளவி குடியேறிவிட்டது.

மழைக்குப் பிறகு மோசமாவதற்குத் தண்ணீர் கலந்த பெட்ரோல் காரணமில்லையென்றால் மின்பக்கம் போகலாம். பிளக்கை இரண்டு முறை மாற்றினீர்கள், அதன் தொப்பியையும் தடித்த வயரையும் பார்த்தீர்களா? இருட்டிய பிறகு விளக்கில்லாத இடத்தில் வண்டியை ஓட விட்டு, வயர் மீதும் தொப்பி மீதும் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். வயரிலோ தொப்பியிலோ விரிசல் இருந்தால் நீல நிறத்தில் மினுமினுப்பு எஞ்சின் மேல் தாவுவதைக் கண்ணால் காண்பீர்கள். கை வைக்காதீர்கள், உதறி எறியும். தொப்பி திருகித்தான் வயரில் மாட்டியிருக்கும். பச்சை பூத்த வயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுத் தொப்பியைத் திருகினால் பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். புதுப் பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே விழுந்த பிளக்கில் அது மூடியிருக்கும். பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜோசியம் சொல்பவர்களை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். பழுப்பு நல்லது, வெள்ளை வறட்சி, கருப்பு அதிகம் என்பதெல்லாம் பொதுவாகச் சரிதான். ஆனால் சாலை விளக்கில் உதறி உதறி நின்ற வண்டியின் பிளக் எப்படியும் கருப்பாகத்தான் வரும்.

ஓவர்ஹாலைப் பற்றி, சுருக்கமாக. நீங்கள் புகையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நீலப் புகை இல்லை, எண்ணெய் குறையவில்லை, பெரிய சாலையில் இழுக்கிறது என்றால் பிஸ்டன் வளையத்தைக் குற்றம் சாட்ட எனக்குக் காரணம் தெரியவில்லை. எண்ணெய் அளவை அளவுகோலைத் திருகாமல், துளையில் சும்மா உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள், அதுதான் முறை. இருந்தும் ஒருவர் ஓவர்ஹால் என்று வற்புறுத்தினால், முதலில் கம்ப்ரஷன் அளவு (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு. அளக்காமலேயே பிரிக்கலாம் என்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வில் தொடங்குங்கள், பிறகு சூடாக்கிச் சோக்கும் சோப்புத் தண்ணீரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் வழக்கமாக அணையும் அதே சாலை விளக்கு வரை ஓட்டிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமலே போகும். வால்வைச் சரிசெய்வதற்கு முன்பு இருந்த இடைவெளி எவ்வளவு என்பதை, இன்டேக்குக்கு ஒன்று எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று மறக்காமல் எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண்ணையும், சோக்கை இழுத்தபோது என்ன ஆயிற்று என்பதையும் இங்கே எழுதினால், அடுத்து எந்த நட்டில் ஸ்பேனரை வைப்பது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.